1961-க்கும் 1989-க்கும் நடுவே ஒரு சிறு கோடு

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம். பிரிக்கப்பட்ட பெர்லின் நகரத்தையும் அங்கே பிரிந்துபோன குடும்பங்களையும் இன்றைய பிள்ளைகளுக்கு உணர்த்த வல்லது வரலாற்றுப் பாடமா, சிறார் வரலாற்றுப் புனைகதையா என்பது தலைப்பு. புனைகதையே என்று வாதாட வந்திருக்கிறேன்.

'மேற்கு பெர்லினைச் சுற்றி 155 கிலோமீட்டர் நீளச் சுவர். எழுந்தது 1961, வீழ்ந்தது 1989. அங்கே உயிரிழந்தோர் குறைந்தது 140 பேர். இதில் கற்பனைக்கு என்ன வேலை?' என்று எதிரணித் தலைவர் கேட்டார். எண்கள் அத்தனையும் சரி. ஒன்றையும் மறுக்க மாட்டேன். ஆனால் அந்த இரண்டு ஆண்டுகளுக்கும் நடுவே பாடநூலில் ஒரு சிறு கோடு போட்டிருப்பார்களே, 28 ஆண்டுக் காத்திருப்பு முழுவதும் அந்தக் கோட்டுக்குள் அடங்கிவிடுகிறது. பாடநூலைத் திறக்கும் பிள்ளைக்குச் சுவர் எழும் வரியிலேயே அது விழப்போவதும் தெரிந்துவிடுகிறது. 1961 ஆகஸ்ட் 13, ஞாயிற்றுக்கிழமை காலையில் கண்விழித்துத் தெருமுனையில் முள்கம்பியைக் கண்ட சிறுமிக்கு அது தெரியாது. சிறுமிக்கு மட்டுமா? 'சுவர் எழுப்பும் எண்ணம் எவருக்கும் இல்லை' என்று கிழக்கு ஜெர்மனியின் தலைவர் வால்டர் உல்பிரிக்ட் செய்தியாளர்களிடம் சொல்லி அப்போது இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. சனிக்கிழமை மேற்கே அத்தை வீட்டுக்குப் போன பிள்ளை மறுநாள் திரும்பிவிடும் என்றுதான் எந்தத் தாயும் நினைத்திருப்பாள். அந்தத் தெரியாமையை வாசகனுக்குத் திருப்பிக் கொடுக்கக் கதையால்தான் முடியும்.

பெர்னாவர் தெருவைச் சற்று நின்று பாருங்கள். அங்கே ஒரு வரிசை வீடுகள் கிழக்கைச் சேர்ந்தவை. அவற்றின் வாசலை ஒட்டிய நடைபாதையோ மேற்கைச் சேர்ந்தது. வாசற்படியில் கால் வைத்தால் வேறு ஆட்சி. முதலில் தெருப்பக்கக் கதவுகளை அடைத்தார்கள். பிறகு கீழ்த்தளச் சன்னல்களுக்குச் செங்கல் வைத்தார்கள். மக்கள் மேல்மாடிகளிலிருந்து குதித்தார்கள். கீழே மேற்கு பெர்லின் தீயணைப்பு வீரர்கள் துணியை விரித்துப் பிடித்து நின்றார்கள். எல்லாரும் அந்தத் துணியில் விழவில்லை. அடுத்த மாதமே குடியிருந்தோரைக் காலி செய்ய வைத்தார்கள். பாடநூல் இதற்கு ஒரு வரி ஒதுக்கலாம். கதை எழுதுபவரோ அந்த மாடியறைக்குள் ஒரு பிள்ளையை நிறுத்த வேண்டும். எந்தப் பொம்மையை முதலில் கீழே எறிவது என்று அது யோசிப்பதையும், தாத்தா குதிக்க மறுத்து நாற்காலியை விட்டு எழாமல் இருப்பதையும் எழுத வேண்டும்.

'தாத்தா கற்பனைதானே? குழந்தைகளுக்குப் பொய்யையா வரலாறு என்று கொடுப்பது?' என்றார் எதிரணியின் இரண்டாம் பேச்சாளர். ஐயா, தாத்தா கற்பனைதான். ஆனால் அவர் இருக்கும் தெருவை நகர்த்தவோ தேதியை மாற்றவோ எழுத்தாளருக்கு உரிமையில்லை. 1961-இல் மேற்கிலிருக்கும் பேத்தி கிழக்கிலிருக்கும் பாட்டிக்கு வீட்டுத் தொலைபேசியில் பேசுவதாக ஒருவர் எழுதினால் அந்தக் கதை அங்கேயே தோற்றது; ஏனென்றால் இரு பாதிகளுக்கும் இடையிலான இணைப்புகளை 1952-லேயே துண்டித்திருந்தார்கள், 1971-இல்தான் சிலவற்றை மீட்டார்கள். நல்ல சிறார் புனைகதை இந்தக் கட்டுக்குள் நின்றுதான் நடக்கிறது.

எதிரணி சொன்னதில் ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். இத்தகைய கதைகளுக்குச் சுரங்கப்பாதை என்றால் அடங்காத ஆசை. 1964 அக்டோபரில் அதே பெர்னாவர் தெருவின் அடியில் தோண்டிய சுரங்கத்தின் வழியே 57 பேர் தப்பியது உண்மை, சிலிர்ப்பூட்டும் உண்மை. ஆனாலும் பெரும்பாலான குடும்பங்கள் தப்பவில்லை, இருந்த இடத்திலேயே இருந்தன. கதைதோறும் பிள்ளைகள் மண்வெட்டியோடு அலைந்தால் எனக்கும் சலிப்புத்தான். அது கதை எழுதுவோரின் குறை. அதைக் காட்டி வடிவத்தையே ஒதுக்குவது சமையல்காரர் மேல் உள்ள கோபத்தில் அடுப்பை உடைப்பது போன்றது.

தப்பாதவர்களின் கதைக்கு ஓர் எடுத்துக்காட்டைச் சொல்லி என் வாதத்தை முடிக்கிறேன். 1963 கிறிஸ்துமசை ஒட்டி ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. மேற்கு பெர்லின்வாசிகள் அனுமதிச் சீட்டுக்காகக் கடுங்குளிரில் மணிக்கணக்கில் வரிசையில் நின்று, கிழக்கிலிருந்த உறவினரைப் பார்க்கப் போனார்கள். ஒரு நாள் சந்திப்பு. இரவுக்குள் திரும்பிவிட வேண்டும். பாடநூல் இதை '28 மாதங்களுக்குப் பின் முதல் சந்திப்பு' என்று எழுதும். நான் கதை எழுதினால், கிழக்கிலிருக்கும் பாட்டி பேரனுக்கென்று பின்னி வைத்திருந்த கம்பளிச் சட்டையை எடுத்து வருவாள். கடைசியாகப் பார்த்தபோது அவனுக்கு ஐந்து வயது. அந்த உடம்பை நினைவில் வைத்தே பின்னியிருக்கிறாள். அவன் மறுக்காமல் போட்டுக்கொள்கிறான். கை முழங்கைக்குச் சற்றுக் கீழேயே நின்றுவிடுகிறது. பாட்டி அதை இழுத்து இழுத்து விட்டுப் பார்க்கிறாள்.