எரிபொருள் செலவை எரிசக்தி ஃபண்ட் ஈடுகட்டுமா?

அடுத்து ஒரு நேயரின் கேள்வி. "பெட்ரோல், சமையல் கேஸ், கரண்ட் பில் எல்லாமே ஏறிக்கொண்டே போகிறது. விலை ஏறினால் எண்ணெய் கம்பெனிகளுக்கு லாபம்தானே? எரிசக்தி ஃபண்டில் பணம் போட்டு, வருகிற லாபத்தில் இந்தச் செலவைச் சரிக்கட்ட முடியுமா?" என்று கேட்டிருக்கிறார்.

எரிசக்தி ஃபண்ட் என்றால், எண்ணெய், கேஸ், மின்சாரக் கம்பெனிகளின் பங்குகளில் நம் பணத்தைப் போடும் ஃபண்ட். யோசனை தப்பில்லை. ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்த 2022-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வருஷம் அமெரிக்காவின் சுமார் 500 பெரிய கம்பெனிகளின் பங்கு விலையைக் காட்டும் எஸ் அண்ட் பி 500 குறியீடு சுமார் 19 சதவீதம் சரிந்தது. அதே குறியீட்டில் இருக்கும் எரிசக்திப் பங்குகள் மட்டும் 50 சதவீதத்துக்கு மேல் ஏறின. அப்போது அந்தப் பங்குகளை வைத்திருந்தவர்களுக்கு பெட்ரோல் போடும்போது அவ்வளவாக வலித்திருக்காது.

சரி, எவ்வளவு போட வேண்டும்? கணக்குக்காக, எரிபொருளுக்கு வருஷம் ஒரு லட்சம் செலவு என்று வைத்துக்கொள்வோம். விலை 30 சதவீதம் ஏறினால் கூடுதல் செலவு 30,000. ஃபண்டும் 30 சதவீதம் ஏறினால் ஒரு லட்சம் முதலீடு போதும். 15 சதவீதம்தான் ஏறியது என்றால் இரண்டு லட்சம் வேண்டும். விற்கும்போது வரி கட்ட வேண்டியிருந்தால் அதற்கும் மேலே. மாதம் ஐந்நூறு, ஆயிரம் என்று எஸ்.ஐ.பி. போட்டு இதைச் சாதிக்கப் பல வருஷம் ஆகும்.

இதைவிடப் பெரிய சிக்கல் அடுத்த வருஷம் வரும். ஏறிய விலை அங்கேயே நின்றுவிட்டது என்று வையுங்கள். உங்களுக்கு அந்த 30,000 கூடுதல் செலவு வருஷா வருஷம் தொடரும். ஃபண்ட் ஏறியதோ ஒரே தடவை. முதல் வருஷ லாபத்தை எடுத்துச் செலவு செய்துவிட்டால், இரண்டாம் வருஷத்துக்கு எங்கே போவீர்கள்? இந்தக் கேள்வியைப் பலரும் யோசிப்பதே இல்லை.

அப்புறம், அந்த ஃபண்டுக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். கச்சா எண்ணெய் எடுக்கும் கம்பெனிக்கு விலை ஏறினால் லாபம். அதே எண்ணெயை வாங்கிச் சுத்திகரித்து விற்கும் கம்பெனிக்கு, சில்லறை விலையை அரசு ஏற்றவிடாமல் பிடித்து வைத்தால் நஷ்டம். மின் நிலையம், சோலார் கம்பெனி இவற்றின் கதையே வேறு. பெயரில் எரிசக்தி என்று இருந்தாலும், உங்கள் வீட்டு பில்லோடு சேர்ந்து அது நகரும் என்று சொல்ல முடியாது.

கம்பெனிப் பங்கை விட்டுவிட்டு நேரடியாக எண்ணெய் விலையையே பின்தொடரும் ஃபண்டை வாங்கலாமே என்பீர்கள். அவை பெரும்பாலும் ஃபியூச்சர்ஸ் ஒப்பந்தங்களில், அதாவது வரப்போகும் மாதத்து எண்ணெய்க்கு இன்றே விலை பேசி முடிக்கும் ஒப்பந்தங்களில் ஓடுபவை. முடியப்போகும் ஒப்பந்தத்தை விற்று, அடுத்த மாத ஒப்பந்தத்தை வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். அடுத்த மாதத்துடையது விலை அதிகமாக இருந்தால், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கரையும். எண்ணெய் விலை அசையாமல் நின்றாலும் உங்கள் பணம் குறைந்துகொண்டே வரும். 2020 ஏப்ரல் 20-ஆம் தேதி அமெரிக்கக் கச்சா எண்ணெயின் மே மாத ஒப்பந்தம் பீப்பாய்க்கு மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. ஆமாம், மைனஸ்தான். எண்ணெயைச் சேமிக்க இடமில்லாமல், எடுத்துக்கொள்கிறவருக்குக் காசு கொடுக்கும் நிலை வந்தது. வீட்டுச் செலவுக்கு ஒதுக்கிய பணத்தை இங்கே கொண்டுவர வேண்டாம்.

2020-ல் இன்னொன்றையும் பார்த்தோம். எண்ணெய் விழுந்தால் நம் பில்லும் குறையும், அதனால் ஃபண்ட் விழுந்தாலும் பரவாயில்லை என்பதுதான் இந்தத் திட்டத்தின் தைரியம். ஆனால் அன்று எண்ணெய் விழுந்ததே கொரோனாவில் உலகம் முடங்கியதால்தான். வேலை போன நேரத்தில் ஃபண்டும் தரையில் கிடந்தது.

என்னைக் கேட்டால், பத்து வருஷத்துக்குத் தொடத் தேவையில்லாத பணம் இருந்தால், மொத்த முதலீட்டில் ஒரு சின்னப் பகுதியை எரிசக்திக் கம்பெனிப் பங்கு ஃபண்டில் வையுங்கள். பல துறைகளும் கலந்த ஒரு பங்குக் குறியீட்டை அப்படியே பின்தொடரும் இண்டெக்ஸ் ஃபண்ட் ஏற்கெனவே வைத்திருந்தால், பெரும்பாலும் அதற்குள்ளேயே எரிசக்திக் கம்பெனிகள் இருக்கும். அந்தப் பட்டியலை முதலில் எடுத்துப் பாருங்கள். மாதாந்திர பில் ஏறுவதைச் சமாளிக்க, இரண்டு மூன்று மாதச் செலவைத் தனியாகச் சேமிப்புக் கணக்கில் போட்டு வையுங்கள். அதிகம் கரண்ட் இழுக்கும் பழைய ஃப்ரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தால், ஃபண்டுக்கு முன்னால் அதை மாற்றுவதைப் பற்றி யோசியுங்கள். பில்லில் மிச்சமாகும் காசுக்கு வரியும் கிடையாது.