மூடியை அழுத்திக் காட்டிய கை

சங்கத் தலைவர் அவர்களே, கடைத்தெரு நண்பர்களே, வணக்கம்.

தீபாவளி நெருங்கும்போது நோட்டீஸ் அடிப்பதா, உள்ளூர்க் கேபிளில் விளம்பரம் கொடுப்பதா, அல்லது அந்தப் பணத்தை மிச்சம் பிடித்துக்கொண்டு வாடிக்கையாளரின் வாய்ச்சொல்லையே நம்பியிருப்பதா என்று ஆண்டுதோறும் நம்மிடையே எழும் கேள்விக்கு, ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தின் கதையை வைத்து விடை தேடலாம் என்று வந்திருக்கிறேன்.

அமெரிக்காவில் ஏர்ல் டப்பர் 1946-இல் டப்பர்வேர் கிண்ணங்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். 1947-இல் ‘ஹவுஸ் பியூட்டிஃபுல்’ இதழ் அவற்றைக் கலைப்பொருளாகவே புகழ்ந்தது. பெரிய கடைகளின் அலமாரிகளிலும் இடம் கிடைத்தது. ஆனாலும் சரக்கு நகரவில்லை. சிக்கல் மூடியில் இருந்தது. சுற்றிலும் அழுத்தி, ஓரத்தைச் சற்றே தூக்கி, உள்ளிருக்கும் காற்றைப் புஸ்ஸென்று வெளியேற்றி, மறுபடி அமர்த்தினால்தான் அது இறுகப் பிடிக்கும். அலமாரியில் பார்த்துவிட்டுப் போனவர்களுக்கு அந்தச் சூட்சுமம் பிடிபடவில்லை.

பிடிபட வைத்தவர் பிரவுனி வைஸ். ஸ்டான்லி ஹோம் புராடக்ட்ஸ் நிறுவனத்தின் பொருள்களை வீட்டு விருந்துகளில் விற்றுப் பழகிய அவர், அதே முறையில் டப்பர்வேரையும் விற்கத் தொடங்கினார். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஒரு வீட்டில் கூடியிருக்க, கிண்ணத்தில் திரவத்தை ஊற்றி மூடி, அறையின் குறுக்கே வீசிக் காட்டுவார், கிண்ணம் சிந்தாது. அதைக் கண்ணால் பார்த்தவள் மறுநாள் தன் தங்கையிடம் சொல்லாமல் இருப்பாளா? 1951-இல் டப்பர் அவரைத் துணைத் தலைவராக்கி, கடைகளில் விற்பதையே நிறுத்திவிட்டு, வீட்டு விருந்துகளின் வழியாக மட்டும் விற்பதென முடிவெடுத்தார். 1954-இல் ‘பிசினஸ் வீக்’ இதழின் அட்டையில் இடம்பெற்ற முதல் பெண்மணியானார் வைஸ். (நான்கே ஆண்டுகளில் அதே நிறுவனம் அவரை வெளியேற்றியது, அது வேறு கதை.)

வாய்வழி விளம்பரத்துக்குச் செலவே இல்லை என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை. விருந்துக்கு வீட்டைக் கொடுத்தவருக்குப் பரிசு, விற்றவருக்குக் கமிஷன் என்று டப்பர்வேரும் பணத்தைச் செலவழிக்கத்தான் செய்தது. பத்திரிகைக்குப் போகவேண்டிய தொகை பக்கத்து வீட்டுக்குப் போயிற்று, அவ்வளவுதான்.

எனவே, நோட்டீஸை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். கடை இடம் மாறிவிட்டது, தள்ளுபடி ஞாயிறு வரைதான் என்பவையெல்லாம் ஊருக்கே ஒரே நாளில் தெரியவேண்டிய செய்திகள். அவற்றுக்கு வாய்ச்சொல் போதாது, வேகம் பற்றாது. கையில் எடுத்துக் காட்டினால்தான் விளங்கும் சரக்குக்கோ நோட்டீஸ் போதாது. குக்கர் வாங்கியவரிடம் கேஸ்கெட்டைக் கவுண்டரிலேயே கழற்றி மாட்டிக் காட்டும் பையனுக்குக் கொடுக்கும் சம்பளத்தை விளம்பரச் செலவில் எழுதிக்கொள்ளலாம் என்பதே என் கருத்து. அந்தப் பையன் எரிந்து விழுந்தாலோ, அந்தச் செய்தியும் அதே வேகத்தில் தெருவைச் சுற்றும். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது.

இன்னொன்று. விருந்துக்கு வந்த பெண்களுக்கு, வைஸ் விற்கத்தான் வந்திருக்கிறார் என்பது தெரியும். இன்று பணம் வாங்கிக்கொண்டு, தானே வாங்கிப் பார்த்ததுபோல் ஒருவர் ரீல்ஸில் பேசும்போது பார்ப்பவருக்கு அது தெரிவதில்லை. அதனால்தான் இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் 2021-இல் வகுத்த நெறிமுறை, அத்தகைய பதிவுகளில் ‘விளம்பரம்’ என்று வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும் என்கிறது. நம் ஊர் யூடியூப் தம்பிகளுக்கு இந்தத் தீபாவளிக்குப் பணம் கொடுக்கப்போகிறவர்கள், அந்த ஒரு சொல்லையும் போடச் சொல்லியே கொடுங்கள்.