சிரக்யூஸ் கைக்கு மட்டை வந்த கதை

நண்பர்களே, வணக்கம். முதலில் ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். லாக்ரோஸ் ஆட்டக்காரர் கையில் ஒரு மட்டை இருக்கும், அதன் நுனியில் சின்ன வலைப் பை. பந்தை அந்தப் பையில் ஏந்தி ஓட வேண்டும், அதிலிருந்தே வீச வேண்டும். பக்கத்துக்குப் பத்துப் பேர். எதிராளி உங்கள் மட்டையைத் தன் மட்டையால் தட்டிப் பந்தை விழ வைக்கலாம். குழந்தையைத் தாலாட்டுவதுபோல மட்டையை ஆட்டிக்கொண்டே ஓடுவார்கள். பந்து பையிலேயே தங்குவதற்காக.

இந்த ஆட்டத்தில் பெரிய பெயர் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் உள்ள சிரக்யூஸ் பல்கலைக்கழகம். 1983 முதல் 2009 வரை ஆண்கள் அணிக்கு 10 தேசியப் பட்டங்கள். 1990-இல் வென்ற இன்னொன்றைப் பறித்துவிட்டார்கள். அதைப் பிறகு சொல்கிறேன்.

அணியின் வரலாற்றை வழக்கமாக 1916-இல் தொடங்குவார்கள். நிலத்தோற்ற வடிவமைப்புப் பேராசிரியர் லாரி காக்ஸ் அந்த ஆண்டில் அணியை உருவாக்கினார். சரிதான். ஆனால் எனக்கு அது பாதிக் கதையாகவே படுகிறது. அந்தப் பல்கலைக்கழகம் நிற்பதே ஒனொண்டாகா மக்களின் பூர்விக நிலத்தில். அவர்கள் ஹோடெனோஷோனி எனும் ஆறு இனக் கூட்டமைப்பைச் சேர்ந்தவர்கள், இன்றும் ஊருக்குத் தெற்கே வாழ்கிறார்கள். ஆட்டம் அவர்களுடையது. பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர் மட்டும்தான் நமக்கு வந்து சேர்ந்தது. அவர்களுக்கு இது படைத்தவனுக்காக ஆடுவது. நோயாளி குணமடைய வேண்டியும் ஆடுவார்கள். ஆண் குழந்தை பிறந்தால் கையில் சின்ன மட்டையைக் கொடுப்பதும், இறந்தவரோடு மட்டையைப் புதைப்பதும் அங்கே வழக்கம்.

காக்ஸுக்குப் பிறகு அவரிடம் ஆடிய ராய் சிம்மன்ஸ் 1931 முதல் 1970 வரை பயிற்சியாளர். பிறகு அவர் மகன், அதே பெயர், 1998 வரை. அப்பாவும் பிள்ளையுமாக 68 ஆண்டுகள்! மகன் சிற்பக்கலை கற்பித்த ஆள் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. ஆட்டக்காரர்களின் கையைக் கட்டாமல், தோன்றியபடி ஆட விட்டதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

1957-ஆம் ஆண்டு அணியைப் பாருங்கள். அந்த மகன் சிம்மன்ஸ் அதில் ஆட்டக்காரர். கூட ஆடியவர் ஜிம் பிரவுன், பின்னாளில் அமெரிக்கக் கால்பந்தின் மாவீரர். லாக்ரோஸில்தான் அவர் இன்னும் பெரியவர் என்று வாதாடுபவர்கள் உண்டு. கோல் காவலர் யார்? ஓரன் லயன்ஸ், ஒனொண்டாகாக்காரர். பின்னாளில் தம் மக்களின் மரபைக் காக்கும் பொறுப்பை ஏற்று, உலக அரங்குகளில் பழங்குடியினருக்காகப் பேசியவர். பிரவுன் மட்டும் 43 கோல். 10 ஆட்டம், 10 வெற்றி. ஆனால் தேசியப் போட்டித் தொடரே 1971-இல்தான் வந்தது. அதனால் அந்த அணி மேலே சொன்ன பத்துக் கணக்கில் வராது.

முதல் பட்டம் 1983-இல். அன்றைக்கு ஜாம்பவானாக இருந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் அணியிடம் 12-5 என்று பின்தங்கிய நிலை. வேறு அணியாக இருந்தால் மட்டையைக் கீழே போட்டிருக்கும். இவர்கள் 17-16 என்று ஜெயித்தார்கள்.

அப்புறம் கெய்ட் சகோதரர்கள், கேரியும் பாலும், கனடாவிலிருந்து வந்த இரட்டையர்கள். 1988 அரையிறுதியில் பென்சில்வேனியாவுக்கு எதிராக கேரி கோல் கம்பத்தின் பின்னாலிருந்து தாவி, அந்தரத்தில் இருந்தபடியே குறுக்குக் கம்பத்துக்கு மேலாகப் பந்தை உள்ளே திணித்தார். ஒரே ஆட்டத்தில் இரண்டு முறை! அப்படித் தாவுவதைத் தடுக்கப் பிறகு விதியையே மாற்ற வேண்டியிருந்தது. அதே கேரிதான் 2021-இல் பயிற்சியாளராகத் திரும்பி வந்தார்.

பறிபோன 1990 பட்டமும் இவர்கள் காலத்ததுதான். பால் வாங்கிய கார் கடனுக்குப் பயிற்சியாளரின் மனைவி உடன்கையெழுத்துப் போட்டிருந்தார். கல்லூரி விளையாட்டு அமைப்பின் விதிப்படி அது குற்றம். விதி விதிதான், ஆனாலும் களத்தில் ஓடியவர்களின் வியர்வையை எந்தத் தீர்ப்பால் அழிக்க முடியும்?

கேரி அணிந்த 22-ஆம் எண்ணைப் பிறகு பவல் சகோதரர்கள் மூவரும் ஒருவர்பின் ஒருவராக அணிந்தார்கள். 1983 முதல் 2004 வரை தொடர்ந்து 22 ஆண்டுகள் சிரக்யூஸ் தேசியப் போட்டியின் அரையிறுதிவரை வந்தது. எண்ணும் ஆண்டும் ஒத்துப்போனது தற்செயல்தான், ரசிகர்களிடம் சொல்லிவிடாதீர்கள்.

கடைசியாக 2009 இறுதி ஆட்டம். மகன் சிம்மன்ஸுக்குப் பின் வந்த ஜான் டெஸ்கோ பயிற்சியாளர். கார்னெல் அணி 9-6 என்று முன்னால் இருந்தது. ஆட்டம் முடிய 4 நொடி இருக்கும்போது சமன். கூடுதல் நேரத்தில் வெற்றிக் கோலைப் போட்டவர் கோடி ஜேமிசன். ஒனொண்டாகாவின் சகோதர இனமான மோஹாக்கைச் சேர்ந்த பையன் அவர்.