எங்கள் கொயருக்கு 25 வயது

வணக்கம் நேயர்களே. ஞாயிற்றுக்கிழமைக் காலை. பல வீடுகளில் இந்நேரம் அடுப்பில் கறி கொதித்துக்கொண்டிருக்கும். கைவேலையை நிறுத்த வேண்டாம். காதை மட்டும் கொடுங்கள், போதும்.

தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் பாடும் எங்கள் சின்னக் கொயருக்கு, அதாவது சேர்ந்து பாடும் குழுவுக்கு, இந்த ஆண்டு 25 வயது. அதைப் பற்றிப் பேசத்தான் வானொலிக்கு அழைத்திருக்கிறார்கள். சின்னக் கொயர் என்றால் 22 பேர். மைக் கிடையாது. பாதிப் பாட்டுகளுக்கு மிருதங்கமும் கிடையாது. பெரிய கொயரில் ஒருவர் வெறுமனே வாயசைத்தாலும் யாருக்கும் தெரியாது. எங்களிடம் ஒரு குரல் குறைந்தால் பாட்டில் ஓட்டை விழும். அதனால் பக்கத்தில் நிற்பவரைக் கேட்டுக்கொண்டேதான் பாட வேண்டும். பாடுவதைவிடக் கேட்பது அதிகம். இதை இன்று இன்னொரு தடவையும் சொல்வேன்.

தொடங்கியது ஓர் ஆடி மாதத்தில், மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றிய ஒரு நாள். கோயிலில் எல்லோரும் சேர்ந்து பாடினோம். ஆர்மோனியக்காரர் பிடித்த சுருதி பெண்களுக்கு எட்டவில்லை, ஆண்களுக்கு அடித்தொண்டையில் உறுமியது. எங்கள் தெருவில் ஓர் அண்ணன் இருந்தார். தமிழ்க் கிறித்தவர், சர்ச் கொயரில் டெனார், அதாவது ஆண்களின் மேல் குரல், பாடி வளர்ந்தவர். கூழ் வாங்க வந்த இடத்தில் அவர் சொன்னார்: "எல்லோரும் ஏன் ஒரே இடத்தில் நெருக்கிக்கொண்டு நிற்கிறீர்கள்? குரலுக்குக் குரல் ஓர் இடம் உண்டே." அடுத்த வாரமே தமிழ்ப் பள்ளியின் பின்னறையில் எட்டுப் பேர் கூடினோம்.

ஆனால் தமிழ்ப் பாட்டை நான்கு குரலாகப் பிரிப்பது லேசில்லை. பெண்களில் மேல் குரல் சோப்ரானோ, கீழ்க் குரல் ஆல்டோ; ஆண்களில் மேல் குரல் டெனார், கீழ்க் குரல் பேஸ். நம் இசை ஒரே கோடாக ஓடும் இசை. முதலில் நாங்கள் எடுத்தது மாயாமாளவகௌளை. பாட்டு வகுப்பில் எல்லோரும் முதலில் படித்த ராகம் ஆயிற்றே என்ற தைரியம். அதில் ச-வும் ரி-யும் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஒரு குரல் ச-வில் நிற்கும்போது இன்னொன்று ரி-யில் நின்றால் காது கூசும். அப்புறம் மோகனத்துக்கு வந்தோம். ஐந்து ஸ்வரம்தான், எந்த இரண்டும் ஒன்றோடொன்று இடிக்கும் அளவுக்கு நெருங்கியதில்லை. தேவாரப் பதிகம் ஒன்றை ஆல்டோ பாட, மற்றவர்கள் தம்புராபோல் ச-வையும் ப-வையும் பிடித்து நின்றோம். ஸ்வரத்தை அசைத்துப் பாடும் கமகம் பாடுகிறவரிடமே இருந்தது, யாரும் அதைத் தொடவில்லை. அன்று அந்தப் பின்னறை நிறைந்துபோயிற்று. இப்படிப் பாடினால் தேவாரம் கெட்டுவிடும் என்று சொன்ன பெரியவர்கள் உண்டு. கெடவில்லை. 25 ஆண்டு பாடிவிட்டுச் சொல்கிறேன், கெடவில்லை.

இப்போது ஓர் எழுத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ழ. இதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1860 நவம்பரில் இந்தியத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு சென்னையிலிருந்து முதல் கப்பலான ட்ரூரோ டர்பனுக்கு வந்து இறங்கியபோது நம் மூதாதையர் வாயில் ழ இருந்ததோ, ஊருக்கு ஊர் ள ஆகிவிட்டிருந்ததோ, அது வேறு கதை. இன்று எங்கள் கொயரில் பாதிப் பேருக்குத் தமிழ் எழுத்து வாசிக்க வராது. ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுக்கிறோம். ழ-வுக்கு 'இசட்' போட்டுப் பக்கத்தில் 'எச்' போடுவார்கள். இளையவர்கள் அதைப் பார்த்து 'வாழ்க'வை 'வாஸ்க' என்று பாடினார்கள். பெரியவர்கள் 'வால்க'. நடுவில் இரண்டு பேர் 'வாள்க'. ஒரே சொல், மூன்று ஊர். மழை என்று பாட வேண்டிய இடத்தில் மலை வந்து நின்றது.

எங்கள் பேஸ் வரிசையில் ஜூலு பேசும் ஒரு பெரியவர் இருக்கிறார். நாங்கள் அவரைப் பாபா என்போம், அவர் என்னை அக்கா என்பார். அன்று அவர் கேட்டது இதுதான்: "அக்கா, எழுத்தை விடுங்கள். நாக்கு எங்கே போகிறது, அதைச் சொல்லுங்கள்." நான் யோசித்தே பார்த்ததில்லை. என் ஆயா சொல்லிக்கொடுத்தது வாயில் இருந்தது, விளக்கம் இல்லை. கண்ணை மூடி நானே சொல்லிப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். நேயர்களே, நீங்களும் செய்து பாருங்கள். ல என்று சொல்லுங்கள், நாக்கு நுனி பல்லுக்குப் பின்னால் தொடும். ள என்று சொல்லுங்கள், நுனி மடங்கி அண்ணத்தைத் தொடும். இப்போது அதே மடிப்பு, ஆனால் தொடாதீர்கள். தொடப்போய் நிறுத்திக்கொள்ளுங்கள். அதுதான் ழ. மறுபடியும்: மடியுங்கள், தொடாதீர்கள். மழை.

பாபாவுக்கு மூன்றாவது தடவையில் வந்துவிட்டது. பிறகு அவர் எங்களைப் பார்த்து, "சரி, இப்போது என் முறை. உம்ஹ்லங்கா என்று சொல்லுங்கள்" என்றார். நம்மில் பலர் பிறந்ததிலிருந்து 'உம்ஷ்லங்கா' என்றுதான் சொல்கிறோம். அதில் ஷ் கிடையாது. ல சொல்வதுபோல் நாக்கை வைத்து, குரல் கொடுக்காமல், நாக்கின் ஓரங்களில் காற்றை ஊத வேண்டும். அந்த மாலை பாதி நேரம் 22 பேரும் காற்று ஊதிக்கொண்டிருந்தோம். பக்கத்து ஊர்ப் பெயரை இத்தனை ஆண்டாகத் தப்பாகச் சொல்லியிருக்கிறோமே என்று எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது. இப்போது எங்கள் பயிற்சி ழ-வில் தொடங்கி ஹ்ல-வில் முடியும். இரண்டையும் ஒருவர் வாயை ஒருவர் கேட்டுத்தான் கற்றோம். பாடுவதைவிடக் கேட்பது அதிகம் என்றேனே, அது இதுதான்.

பாபாதான் எங்களுக்கு டானிக் சால்ஃபாவையும் கொண்டுவந்தார். டோ, ரே, மி என்பதை வெறும் எழுத்துகளாக எழுதும் முறை. இங்கிலாந்தில் சேரா குளோவர் என்ற அம்மையார் தொடங்கி, ஜான் கர்வன் பரப்பியது. 19ஆம் நூற்றாண்டில் மிஷனரிகள் இங்கே கொண்டுவந்தார்கள். இன்றும் நம் நாட்டில் எத்தனையோ கறுப்பினக் கொயர்கள் இதைப் பார்த்துத்தான் பாடுகின்றன. தேசிய கீதத்தின் முதல் பகுதியை 1897இல் அமைத்த ஈனோக் சொன்டோங்கா ஒரு மிஷன் பள்ளி ஆசிரியர், கொயர் நடத்தியவர். இந்தச் சால்ஃபாவில் எனக்குப் பிடித்தது என்னவென்றால், அவர்களுடைய டோ எந்தச் சுருதியிலும் நிற்கும், நம் ச-வைப்போலவே. பாபாவின் தாளில் டோ, ரே, மி, சோ, லா. என் தாளில் ச, ரி, க, ப, த. அதே மோகனம்! அன்று முதல் எங்கள் தாள்களில் இரண்டு வரிசையும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும்.

1996ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 6ஆம் பிரிவில், மதித்துப் பேணப்பட வேண்டிய மொழிகளில் தமிழின் பெயரும் இருக்கிறது. பெருமைதான். ஆனால் எங்கள் இளைய சோப்ரானோக்களின் வீட்டில் யாரும் தமிழ் பேசுவதில்லை. வாரத்தில் இரண்டு மணி நேரம் அவர்கள் வாயில் தமிழ் இருப்பது இந்தப் பயிற்சியில் மட்டும்தான். பொருள் தெரியாமல் ஒரு வரியும் பாடக் கூடாது என்று நாங்கள் விதி வைத்திருப்பது அதனால்தான். ஒரு பெண் தன் பாட்டியிடம் போய் 'பழம்' என்று சரியாகச் சொல்ல, பாட்டி இன்னொரு தடவை சொல்லச் சொன்னாராம்.

கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கை காட்டுகிறார்கள், நேரம் ஆயிற்று. தொடங்கிய அந்த எட்டுப் பேரைப் பற்றித்தான் நிறையச் சொல்ல நினைத்து வந்தேன். மூன்று பேர் இன்னும் பாடுகிறோம். டெனார் அண்ணன் போன ஆண்டு தவறிவிட்டார். இந்தப் பருவத்தில் எல்லாக் கச்சேரியும் அவர் கற்றுக்கொடுத்த பதிகத்தில்தான் தொடங்கும். செலவுக்குப் பிரியாணி டிக்கெட் விற்கிறோம், மரக்கறிப் பிரியாணிதான், பருப்பும் உருளைக்கிழங்கும் போட்டது. யாராவது கதவைத் தட்டினால் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பயிற்சி வியாழன் மாலை 7 மணிக்கு, அதே பின்னறையில். தமிழ் தெரியாவிட்டாலும் வாருங்கள். பென்சில் கொண்டு வாருங்கள், பேனா வேண்டாம், தாளில் நிறைய அழித்து எழுத வேண்டியிருக்கும். வணக்கம்.