பூச்சியே இல்லாத தோட்டம் நமக்கு வேணாங்க

எல்லாருக்கும் வணக்கம்ங்க. தொட்டில நாலு செடி வச்சிருக்கவங்களும் வந்திருக்கீங்க, பாத்தி போட்டு காய் எடுக்கறவங்களும் வந்திருக்கீங்க, ஆனா என்கிட்ட எல்லாரும் கேக்கறது ஒண்ணுதான், எதை அடிச்சா பூச்சி போகும்னு. அதுக்கு பதில் இருக்கு, பின்னாடி சொல்றேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு மனசுல வாங்கிக்கோங்க, கெமிக்கல் மருந்தில்லாம காய் வளர்க்கறவங்க தோட்டத்துல கொஞ்சம் பூச்சி இருந்தே ஆகணும். சும்மா சொல்லல, காரணத்தோடதான் சொல்றேன்.

அசுவினிய எடுத்துக்கோங்க, செடிப்பேன்னும் சொல்லுவோம்ல, அதுதான். கொழுந்துல, மொட்டுல, இலைக்கு அடியில கும்பலா ஒட்டிக்கிட்டு சாறு உறிஞ்சிட்டே இருக்கும். வெதுவெதுப்பான காலத்துல இதுல பெண் பூச்சி ஆணோட சேரவே சேராது, நேரடியா குட்டி போடும், அந்தக் குட்டி ஒரு வாரம் பத்து நாள்ல தானும் குட்டி போட ஆரம்பிச்சிடும். போன வாரம் ஒண்ணு ரெண்டுதான் இருந்துச்சு, இந்த வாரம் தண்டே தெரியலன்னு சொல்றோமே, அது இதனாலதான். இப்போ இதைத் திங்கறதுக்குன்னு பொறிவண்டு வரும். வண்டு எல்லாருக்கும் தெரியும். அதோட புழுவ எத்தனை பேர் பாத்திருக்கீங்க? கருப்பா நீளமா இருக்கும், முதுகுல ஆரஞ்சு திட்டு, ஆறு காலு, குட்டி முதலை மாதிரி இலை மேல விறுவிறுன்னு ஓடும். ஐயோ புழுன்னு நசுக்கிடறோம். கூட்டுப்புழுவா மாறுறதுக்குள்ள நூத்துக்கணக்குல அசுவினிய தின்னு தீர்க்கறது அந்தப் புழுதாங்க.

இதுல முக்கியமான விஷயம் என்னன்னா, பொறிவண்டு தன் முட்டைய அசுவினி இருக்கற இடத்துலதான் வைக்கும், குஞ்சுக்கு சாப்பாடு வேணும்ல. மஞ்சளா, நின்ன வாக்குல ஒரு பத்து இருபது முட்டை இலைக்கு அடியில இருக்கும். முதல் நாலு அசுவினிய பாத்த உடனே நீங்க எதையாவது அடிச்சு சுத்தமா துடைச்சிட்டீங்கன்னா அதுக்கு உங்க தோட்டத்துல வேலையே இல்ல, போயிடும். அசுவினி ஒரு வாரத்துல திரும்பி வந்துடும். பொறிவண்டு திரும்பி வந்து முட்டை வச்சு, பொரிச்சு, வளர்றதுக்கு ரெண்டு மூணு வாரமாவது ஆகும். இந்த இடைவெளியிலதான் தோட்டம் கைய விட்டுப் போகுது, மருந்தடிச்சதுக்கு அப்புறம் முன்னைவிட ஜாஸ்தியா வருதேன்னு புலம்பறோம்.

இது தோட்டத்துல மட்டும் நடக்கற சின்ன விஷயம்னு நினைக்காதீங்க. ஆஸ்திரேலியால இருந்து போன ஒரு செதில் பூச்சி, அதுவும் செடில ஒட்டிக்கிட்டு சாறு உறிஞ்சறதுதான், 1880கள்ல கலிஃபோர்னியால ஆரஞ்சு, எலுமிச்சைத் தோட்டங்களையே அழிக்கப் பாத்துச்சு, அடிக்காத மருந்தில்ல. 1888ல ஆல்பர்ட் கோபெலேங்கற பூச்சி ஆராய்ச்சியாளர் ஆஸ்திரேலியாவுக்கே போய், அந்தப் பூச்சிய அங்க எது திங்குதுன்னு தேடி, வெடாலியாங்கற ஒரு சின்ன பொறிவண்ட அனுப்பி வச்சாரு. முதல்ல வந்து சேர்ந்தது 129 வண்டுதான். ரெண்டு வருஷத்துக்குள்ள பிரச்சனை அடங்கிடுச்சு. இதோட முடியலங்க. 1940கள்ல டிடிடிங்கற பூச்சிக்கொல்லி வந்துச்சு, அதை அடிச்ச தோட்டங்கள்ல வெடாலியா செத்துப்போக, ஐம்பது வருஷமா அடங்கிக் கிடந்த அந்தச் செதில் பூச்சி திரும்ப எழுந்து வந்துடுச்சு. எனக்கு இந்த ஒரு சம்பவம் போதும், எதையும் கைல எடுக்கறதுக்கு முன்னாடி யோசிக்கறதுக்கு.

சரி, அப்போ சும்மா பாத்துக்கிட்டே இருக்கணுமான்னா இல்ல. தினம் ஒரு அஞ்சு நிமிஷம் இலையத் திருப்பிப் பாருங்க. அசுவினிக் கூட்டத்துல சிலது மட்டும் ஊதிப்போய், பழுப்பு நிறத்துல, அசையாம இருக்கும், இன்னும் உத்துப் பாத்தா சிலதுல முதுகுல வட்டமா ஒரு ஓட்டை தெரியும். ஒரு குட்டிக் குளவி அதுக்குள்ள முட்டை வச்சு, உள்ளயே வளர்ந்து வெளிய வந்த ஓட்டை அது. அதை பாத்தீங்கன்னா அந்தச் செடில கை வைக்காதீங்க, வேலை நடந்துட்டு இருக்கு. கூட்டம் ரொம்ப பெருசா இருந்தா பைப்புல தண்ணிய வேகமா பீய்ச்சி அடிங்க, கீழ விழுந்ததுல முக்கால்வாசி திரும்ப ஏறாது. எறும்பு ஏறுதான்னும் பாருங்க. அசுவினி, மாவுப்பூச்சி எல்லாம் விடற இனிப்புத் தண்ணிக்காக எறும்பு அதுங்களுக்கு காவல் நிக்கும், பொறிவண்ட கடிச்சு விரட்டும். எறும்ப நிறுத்தினாலே பாதி பாரம் குறையும். தழைச்சத்த அள்ளிக் கொட்டாதீங்க, கொழுகொழுன்னு வர்ற கொழுந்துதான் இதுங்களுக்கு விருந்து.

ஆனா எல்லாத்துக்கும் பொறுமை ஆகாது. கத்தரில நல்லா தண்ணி ஊத்தியிருப்பீங்க, ஒரே ஒரு நுனி மட்டும் தலைய தொங்கப் போட்டுட்டு நிக்கும். அதை கிள்ளி நீளவாக்குல பிளந்து பாருங்க, உள்ள எச்சம் அடைச்சு, வெளிர் ரோஸ் கலர்ல ஒரு புழு இருக்கும், தண்டுத் துளைப்பான். அது உள்ள இருக்கும்போது வெளிய எதை அடிச்சும் பிரயோஜனமில்ல, ஆர்கானிக்கும் சரி கெமிக்கலும் சரி. வாடின நுனிய அன்னைக்கே வெட்டி அழிச்சிடணும், ஓட்டை விழுந்த காயையும் சேர்த்து, உரக்குழில போடக்கூடாது. இந்தப் புழு வளர்ந்து அந்துப்பூச்சியாகும், பெண் பூச்சியோட வாசனைய வச்சு இழுக்கற இனக்கவர்ச்சிப் பொறி வச்சா அதுல ஆண் மாட்டும். பாகல், புடலைல பழ ஈக்கு பிஞ்சுலயே கவர் கட்டறது மாதிரி நிச்சயமான வழி வேற இல்ல, விழுந்த காய தரையில விட்டா புழு மண்ணுக்குள்ள போய் கூட்டுப்புழுவாகி அடுத்த தலைமுறை கிளம்பிடும். அதே மாதிரி வெண்டைல இலை நரம்பு மஞ்சளானாலோ, தக்காளி இலை சுருண்டு சின்னதானாலோ அது பெரும்பாலும் வெள்ளை ஈ பரப்பின வைரஸ், வைத்தியம் கிடையாது. ஒரு கவரால மூடி, ஈ பறக்காம, அந்தச் செடிய பிடுங்கிடுங்க. மனசு கஷ்டமாத்தான் இருக்கும், ஆனா தள்ளிப்போட்டா பக்கத்து செடியும் போகும்.

இப்போ மருந்துக்கு வர்றேன். வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, ஆனா முதல்ல எண்ணெயோட கொஞ்சம் சோப்புத் திரவம் கலந்து குழைச்சுட்டு அப்புறம்தான் தண்ணி, இல்லன்னா எண்ணெய் மேல மிதந்து ஒரு இலைல கொட்டி அதை பொசுக்கிடும். முதல்ல ரெண்டு மூணு இலைல மட்டும் அடிச்சுப் பாத்துட்டு மறுநாள் மத்த செடிக்குப் போங்க. வேம்புல இருக்கற அசாடிராக்டின் வெயில்ல சீக்கிரம் சிதைஞ்சிடும், அதனால சாயங்காலம் அடிங்க, இலைக்கு அடியில படற மாதிரி. அது உடனே கொல்லாதுங்க, திங்கறத குறைக்கும், தோல் உரிக்க விடாது. மறுநாள் பூச்சி உயிரோட இருக்கேன்னு திரும்ப அடிக்காதீங்க. இலைய திங்கற புழுன்னா அதுக்கு பி.டி. (Bt), அதாவது பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ்ங்கற பாக்டீரியா, புழு அதை தின்னாதான் வேலை செய்யும், அதுவும் சின்ன புழுவா இருக்கும்போதே. அசுவினிக்கு அதை அடிச்சு ஒண்ணும் ஆகாது, அது இலைய கடிக்கறதில்லையே.

இயற்கைல கிடைக்கறதெல்லாம் சாதுன்னு மட்டும் நம்பாதீங்க. புகையிலைக் கரைசல்ல இருக்கற நிக்கோட்டின் கை தோல் வழியாவே உடம்புக்குள்ள போகும், நல்ல பூச்சியையும் கொல்லும், தக்காளி, மிளகாய்க்கு வைரஸையும் கொண்டு வரலாம். என் தோட்டத்துல அதுக்கு இடமில்ல. பைரெத்ரம்ங்கற பூச்சி மருந்தும் பூவுலேர்ந்து எடுக்கறதுதான், ஆனா தேனீ மேல பட்டா தேனீயும் சாகும்.

கடைசியா ஒண்ணு, கொத்தமல்லியும் சோம்பும் நாலு செடி பறிக்காம பூக்க விடுங்க. நான் சொன்ன குட்டிக் குளவிக்கு வளர்ந்த பிறகு வேண்டியது தேன்தான், அந்த மாதிரி சின்னச் சின்ன பூவுலதான் அதால குடிக்க முடியும். இலை பறிச்சு கவர்ல போட்டு கொண்டு வந்திருக்கவங்க முன்னாடி வாங்க, லென்ஸ் வச்சிருக்கேன், ஒண்ணொண்ணா பாத்துடலாம்.