‘அங்கே’ என்று ஒரு சொல்

நடுவர் ஐயா அவர்களுக்கும், மழையைப் பார்க்காமல் வந்து உட்கார்ந்திருக்கும் பத்தாங் பெர்ஜுந்தை மக்களுக்கும் வணக்கம். 2007-இல் இந்த ஊருக்கு பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறியது எனக்கும் தெரியும். மாறியது பெயர்ப்பலகைதான், நம் வாய் இன்னும் மாறவில்லை.

“மெய்யான ஆராதனைக்கு வேர் பலிபீடமா, அன்றாட வாழ்வா?” இதுதான் தலைப்பு. நான் பலிபீடத்தின் பக்கம். எதிரணித் தலைவர் பேசும்போது நானும் கை தட்டினேன். என் வீட்டுக்காரி முறைத்த பிறகுதான் எந்த அணியில் இருக்கிறேன் என்பதே நினைவுக்கு வந்தது.

எதிரணித் தலைவர் அண்ணன், கிணற்றடியில் இயேசுவோடு பேசிய சமாரியப் பெண்ணில் ஆரம்பித்தார். இந்த மலையும் வேண்டாம், எருசலேமும் வேண்டாம், ஆவியோடும் உண்மையோடும் தொழுதுகொண்டால் போதும் என்று இயேசுவே சொல்லிவிட்டாராம், அதனால் பீடம் எதற்கு என்று கேட்டார். சரி. அதே இயேசு நாசரேத்துக்கு வந்தபோது, “தம்முடைய வழக்கத்தின்படியே” ஓய்வுநாளில் ஜெப ஆலயத்துக்குள் போனார் என்று லூக்கா எழுதுகிறாரே, அதை ஏன் அண்ணன் வாசிக்கவில்லை? ஒரு நாள் போய் எட்டிப் பார்த்ததை யாரும் வழக்கம் என்று சொல்ல மாட்டார்கள்.

அடுத்து வந்த எதிரணித் தங்கை துருப்புச் சீட்டை இறக்கினார். மத்தேயு ஐந்தாம் அதிகாரம். சகோதரனுக்கு உன்மேல் குறை இருந்தால் காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போ, முதலில் ஒப்புரவாகு. “பார்த்தீர்களா, ஆண்டவரே பீடத்தை விட்டு வெளியே போகச் சொல்கிறார்!” என்றார். மண்டபமே அதிர்ந்தது. தங்கச்சி, அந்த வசனத்தில் நீங்கள் வேகமாகத் தாண்டிப் போன சொல் ஒன்று இருக்கிறது. “உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று அங்கே நினைவுகூருவாயாகில்.” அங்கே! வீட்டில் வராத நினைவு, வேலைக்காட்டில் வராத நினைவு, அங்கேதான் வருகிறது.

எங்கள் வீட்டுக் கதை ஒன்று சொல்கிறேன். எங்கள் ரப்பர் தோட்டத்தில் பாட்டி ஒரு சிவப்பு மாடு வளர்த்தார். பாட்டி போன பிறகு சித்தப்பா அதை யாரிடமும் கேட்காமல் ஈஜோக்கில் ஒருவருக்கு விற்றுவிட்டார். அப்பாவுக்குக் கோபம். அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தது, அதைச் சபையில் சொல்ல முடியாது. அன்றோடு பேச்சு நின்றது. பதினோரு மாதம்! இரண்டு பேருக்கும் ஒரே லயத்து வரிசை வீடு, நடுவில் ஒரே ஒரு பலகைச் சுவர். வேலைக்குப் பேர் கூப்பிடும் விடியற்காலைப் பெரட்டில் மூன்று ஆள் தள்ளி நிற்பார்கள். பக்கத்துப் பக்கத்து நிரையில் பால்மரம் சீவுவார்கள். அம்மா கொடுக்கும் மீன்குழம்பு மட்டும் அந்த வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் போய் வரும்.

அன்றாட வாழ்வு, அன்றாட வாழ்வு என்கிறீர்களே, அந்தப் பதினோரு மாதமும் அவர்கள் பேசாமல் இருந்தது அந்த அன்றாட வாழ்வில்தான்.

தோட்டத்துக் கோயில் என்றால் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை. போதகர் மாதம் ஒருமுறை வந்து திருவிருந்து கொடுப்பார். பீடம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. தோட்டத்துத் தச்சர் மெராந்திப் பலகையில் அடித்த மேசை, ஒரு கால் கட்டை, அடியில் அட்டையை மடித்து வைத்திருப்போம். வாரநாளில் அதன்மேல்தான் எங்களுக்கு வீட்டுப்பாடம். ஞாயிற்றுக்கிழமை வெள்ளைத் துணி விரித்துவிட்டால் கிட்டே போகவே பயமாக இருக்கும்.

ஒரு திருவிருந்து ஞாயிறு. அப்பா முன்னால் போய் முழங்கால் போட்டிருக்கிறார். பக்கத்து ஆளுக்கு அப்பம் கொடுத்தாயிற்று, அடுத்தது அப்பாதான். சடாரென்று எழுந்து வெளியே போய்விட்டார். வயிற்றுக் கோளாறு என்று அம்மா நினைத்தார். வெளியே கப்சாய் மோட்டார் கிளம்பும் சத்தம் கேட்டது. போதகருக்கு என்ன புரிந்ததோ, “பாடுங்கள்” என்றார். எடுத்த கீர்த்தனையையே நாலு தடவை பாடினோம். ஐந்தாவது தடவை பல்லவி எடுக்கும்போது இரண்டு பேரும் உள்ளே வந்தார்கள். சித்தப்பா கைலியில் இருந்தார், ஒரு கன்னத்தில் சவரச் சோப்பு அப்படியே காய்ந்திருந்தது.

தங்கை வாசிக்காமல் விட்ட மீதியையும் சொல்லிவிடுகிறேன். ஒப்புரவானதோடு வசனம் முடியவில்லை. “பின்பு வந்து உன் காணிக்கையைச் செலுத்து.” பின்பு வந்து! போனவன் திரும்பி வருவதற்கு ஓர் இடம் வேண்டாமா ஐயா?

பளிங்கு பீடத்துக்கும் கட்டட நிதிக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. யாத்திராகமத்தில் ஆண்டவர் மண்ணால் பலிபீடம் கட்டச் சொல்கிறார். கல்லில் கட்டினால் வெட்டாத கல்லாக இருக்கட்டும், கருவி பட்டால் தீட்டு என்கிறார். அதற்குக் கட்டைக்கால் மேசை தாராளம். ஆனால் இலவசம் கூடாது. களத்துக்குச் சொந்தக்காரரான அர்வனா தன் களத்தையும் மாடுகளையும் சும்மா எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியும், தாவீது ஐம்பது வெள்ளிச் சேக்கல் எண்ணிக் கொடுத்துத்தான் பலிபீடம் கட்டினார். (ரிங்கிட்டை நாம் சொல்லும் நம்ம ஊர் வெள்ளி இல்லை. பின்வரிசையில் யாரோ கணக்குப் போடுகிறார்.)

யோசுவா 22-ஐ எதிரணியில் யாரும் தொடவே இல்லை. இஸ்ரவேலரில் ரூபன், காத், மனாசேயில் பாதிக் கோத்திரம், இவர்களுக்கு யோர்தானுக்குக் கிழக்கே நிலம். ஊர் திரும்பும் வழியில் ஆற்றோரம் பெரிய பீடம் ஒன்றைக் கட்டுகிறார்கள். போட்டிப் பீடம் என்று நினைத்து மேற்கே இருந்தவர்கள் சீலோவில் படை திரட்டிவிட்டார்கள். நல்லவேளை, முதலில் ஆசாரியன் மகன் பினெகாசையும் பத்துப் பிரபுக்களையும் அனுப்பிக் கேட்டார்கள். பீடம் கட்டியவர்கள் சொன்ன பதில் இது: “பலியிடக் கட்டவில்லை. நாளைக்கு உங்கள் பிள்ளைகள் எங்கள் பிள்ளைகளைப் பார்த்து, கர்த்தருக்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டுவிடக் கூடாது. அதற்குச் சாட்சியாகக் கட்டினோம்.” அதற்கு ஏத் என்று பேரும் வைத்தார்கள். பேருக்குப் பொருளே சாட்சிதான்.

நம் பிள்ளைகள் யோர்தானைத் தாண்டி ஷா ஆலமிலும் கோலாலம்பூரிலும் இருக்கிறார்கள். தாத்தா எங்கே ஜெபித்தார் என்று பேரப்பிள்ளை கேட்டால் எதைக் காட்டுவீர்கள்? பால்மரம் போய் செம்பனை வந்துவிட்டது. லயத்தை இடித்தார்கள், தகரக் கொட்டகையும் போயிற்று. வேலை செய்த காட்டில் நாம் இருந்த அடையாளம் ஏதாவது இருக்கிறதா?

மேசை இருக்கிறது. அப்பாவும் சித்தப்பாவும் அதை லோரியில் ஏற்றி இந்த ஊருக்குக் கொண்டுவந்தார்கள். ஆலயத்துக்குப் புது மேசை வாங்கியதும் பழசு இந்த மண்டபத்துக்கு வந்தது. நடுவர் ஐயா, நீங்கள் மணி அடிக்கும்போதெல்லாம் ஆடுகிறதே, அதுதான். இடது மூலையில் மெழுகுவர்த்தி சுட்ட கறுப்பு வட்டம் ஒன்று இருக்கும். அந்தத் தேநீர்க் கோப்பையைக் கொஞ்சம் நகர்த்திப் பாருங்கள்.