வெள்ளம் வடிந்த பிறகு போதகரை விசாரிப்பது யார்?

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். கேள்வியை வாசித்துவிடுகிறேன். "ஐயா, நாங்கள் லுத்தரன் சபையைச் சேர்ந்தவர்கள். 2023-இல் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் நான்கு நாள் தண்ணீர் நின்றது. எங்கள் போதகர் ஐந்தாம் நாள்தான் வீட்டுக்கு வந்தார். வந்தும் ஒரு ஜெபம் செய்துவிட்டு உடனே போய்விட்டார். சபையில் பலருக்கு அந்த மனத்தாங்கல் இன்னும் தீரவில்லை. இப்படிப்பட்ட நேரத்தில் வேறு போதகர்களைத் துணைக்கு அழைத்துக்கொள்ள நம் சபையில் இடம் உண்டா?"

இடம் உண்டு, அம்மா. அதற்கு வருகிறேன். முதலில் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அந்த நான்கு இரவும் உங்கள் போதகர் எங்கே படுத்தார்? போதகர் இல்லம் பெரும்பாலும் ஆலய வளாகத்தில் தரைத்தளத்தில்தான் இருக்கிறது. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் என்றால் அவர் கட்டிலுக்குக் கீழேயும் அதே தண்ணீர்தானே?

இன்னொன்றையும் பாருங்கள். வடசென்னைக்கு வந்த பெரிய அடிகளில் பல டிசம்பரில் வந்தவை. சுனாமி 2004 டிசம்பர் 26, அன்று ஞாயிற்றுக்கிழமை வேறு. பெருவெள்ளம் 2015 டிசம்பர் தொடக்கத்தில். வர்தா 2016 டிசம்பர் 12. மிக்ஜாம் 2023 டிசம்பர் 4. அதற்கு முந்தைய நாள்தான், கிறிஸ்துமஸுக்கு ஆயத்தப்படும் காலமான அட்வெந்தின் முதல் ஞாயிறு. வடகிழக்குப் பருவமழையும் கிறிஸ்துமஸ் ஆயத்தமும் ஒரே மாதத்தில் மோதுகின்றன. கேரல் பவனி, பிள்ளைகளின் நிகழ்ச்சி, வீட்டு ஜெபக் கூட்டங்கள் என்று ஏற்கெனவே களைத்துப்போன மனிதரின் தலையில்தான் புயலும் இறங்குகிறது.

மிக்ஜாமுக்குப் பிறகு எண்ணூர்ப் பக்கம் ஒரு சிறிய சபைக்குப் போயிருந்தேன். ஓய்வு பெற்றவனுக்கு வேறு என்ன வேலை? வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வந்த பகுதி அது. சுவரில் இடுப்பு உயரத்துக்குக் கறுப்புக் கோடு. போதகர் வாசலில் நின்று அரிசிப் பொட்டலம் கொடுத்துக்கொண்டிருந்தார். யாரோ கொடுத்த சட்டை, தோளில் நிற்காமல் வழிந்தது. "எப்படி இருக்கிறீர்கள், தம்பி?" என்றேன். "சபையார் எல்லாரும் சுகமாக இருக்கிறார்கள், ஐயா" என்றார். நான் சபையாரைக் கேட்கவில்லை. உள்ளே போனால் அவர் மனைவி, போதகரம்மா, ஈர மெத்தையைப் பார்த்தபடி நின்றிருந்தார். கொடியில் போதகருடைய வெள்ளை அங்கி தொங்கியது. கீழ்ப்பாதியில் எண்ணெய்க் கறை. எந்தச் சோப்புக்கும் அசையவில்லை. அன்று நான் பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. பொட்டலக் கணக்கு நோட்டை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, ஆலயப் பணியாளரான கோயிற்பிள்ளையின் வீட்டு மாடிக்கு அவரை அனுப்பினேன். பதினொரு மணி நேரம் தூங்கினார்.

துணைக்கு வரும் போதகரின் வேலை இதுதான். அவர் அந்தச் சபையின் போதகருக்குக் கீழே வந்து நிற்க வேண்டும். "நான் என்ன செய்யட்டும்?" என்று அவரைக் கேட்டுவிட்டே எதையும் தொட வேண்டும். அடக்க ஆராதனை, மருத்துவமனைச் சந்திப்பு, தண்ணீர் இறங்காத தெருக்களில் வீடு சந்திப்பு ஆகியவற்றை வாங்கிக்கொள்ளலாம். பிரசங்க பீடத்தில் ஏறி "இது ஏன் வந்தது" என்று விளக்கம் சொல்ல வேண்டாம். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் அவனோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாதிருந்தார்கள். அதுவரை நன்றாகத்தான் செய்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் கெடுத்தார்கள். புகைப்படக்காரரையும் கூட்டிக்கொண்டு வருகிறவர்களைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை.

பலர் மறக்கிற ஒரு வேலை பதிவேடுகள். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் எல்லாம் ஆலய அலமாரியின் கீழ்த்தட்டில்தான் இருக்கும், கனமான புத்தகங்கள் அல்லவா? நம் திருமணப் பதிவுகள் 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின் கீழ் வருபவை. பாட்டியின் ஞானஸ்நானத் தேதியை வைத்துத்தான் பல குடும்பங்கள் தங்கள் பூர்வீகத்தையே சொல்கின்றன. நனைந்த பதிவேட்டை வெயிலில் போடாதீர்கள், தாள் சுருண்டு மை மங்கிவிடும். ஒட்டிய பக்கங்களை இழுத்துப் பிரிக்காதீர்கள். நிழலில் மின்விசிறிக் காற்றில் வைத்து, சில பக்கங்களுக்கு ஒன்றாக அச்சில்லாத வெள்ளைத் தாளைச் செருகி, அது ஈரமானதும் மாற்றிக்கொண்டே இருங்கள். பொறுமையான வேலை. களைத்த போதகரால் முடியாது. வெளியிலிருந்து வந்தவர் இரண்டு வாலிபர்களை வைத்துக்கொண்டு செய்துவிடலாம்.

இனி நீங்கள் கேட்ட "இடம் உண்டா" என்பது. லுத்தரன் சபைகளின் அடிப்படை ஆவணமான, 1530-ஆம் ஆண்டின் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை, பதினான்காம் பிரிவில், முறையான அழைப்புப் பெறாதவர் சபையில் வெளிப்படையாகப் போதிக்கவோ ஞானஸ்நானம், திருவிருந்து ஆகிய திருவருட்சாதனங்களை வழங்கவோ கூடாது என்கிறது. ஆகவே, திருவிருந்து நடத்த நல்ல மனம் படைத்த யாரோ ஒருவர் போதாது. உங்கள் போதகரும் சபைச் சங்கத்தாரும் மேலிடத்துக்குத் தெரிவித்து, குருப்பட்டம் பெற்ற ஒருவரை அழைக்க வேண்டும். சாகும் தறுவாயில் இருக்கும் குழந்தைக்கு மட்டும், போதகர் இல்லாத இடத்தில், எந்த விசுவாசியும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். வீடு சந்திப்பதற்கோ யாருடைய பட்டமும் தேவையில்லை. 1733-இல் தரங்கம்பாடியில் ஆரோன் குருப்பட்டம் பெறும்வரை நம்மவரில் ஒரு போதகர்கூட இல்லை. ஊர் ஊராக நடந்து சபைகளைத் தாங்கியவர்கள் குருப்பட்டம் பெறாத உபதேசிமார்.

நம் சபைக்குப் பெயர் தந்த மார்ட்டின் லூதரின் வாழ்க்கையிலும் இந்தக் கேள்வி வந்தது. 1527-இல் அவர் இருந்த ஜெர்மனியின் விட்டன்பர்க்கில் கொள்ளைநோய் பரவியபோது பல்கலைக்கழகத்தையே யேனாவுக்கு மாற்றினார்கள். லூதர் போகவில்லை, அந்த ஊர்ப் போதகர் பூகன்ஹாகனும் அவரும் அங்கேயே தங்கினார்கள். பிரேஸ்லாவிலிருந்து யோகான் ஹெஸ் என்ற போதகர், கொள்ளைநோய்க்குப் பயந்து ஓடலாமா என்று கேட்டிருந்தார். போதகன் மந்தையை விட்டு ஓடக்கூடாது என்று லூதர் பதில் எழுதினார். எல்லாரும் இந்த இடம்வரைதான் எடுத்துச் சொல்கிறார்கள். அதே கடிதத்தில், ஊரில் போதிய போதகர்கள் இருந்து, தங்களுக்குள் பேசி முடிவு செய்தால், சிலர் விலகிப் போவதில் தவறில்லை என்றும் எழுதினார். ஆள்மாற்றி ஆள் நிற்பதை லூதரே ஏற்றுக்கொண்டார் என்றுதான் நான் அதைப் படிக்கிறேன்.

அமெரிக்காவில் மிசௌரி சினாடு என்ற லுத்தரன் திருச்சபையார் பேரிடர் உதவிக்கென்றே தனிப் பிரிவு வைத்திருக்கிறார்கள். அடிபட்ட சபைகளின் போதகர்களைத் தாங்குவதும் அதன் வேலை. நமக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு வேண்டாம். ராயபுரம் முதல் எண்ணூர் வரை உள்ள சபைகள் நவம்பரிலேயே இரண்டிரண்டாகப் பேசி வைத்துக்கொண்டால் போதும். இங்கே மூழ்கினால் அங்கிருந்து ஒருவர் வருவார். அங்கே மூழ்கினால் இங்கிருந்து ஒருவர் போவார். வருகிறவர் முதல் வாரத்தோடு நின்றுவிடாமல் பொங்கல் முடிந்தும் ஒரு முறை வரட்டும். உதவி வண்டிகள் நின்றுபோன பிறகுதான் போதகர்கள் உடைவதை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு ஜெபம் செய்துவிட்டு உடனே போய்விட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். அன்றைக்கு உங்களுடையது எத்தனையாவது வீடு என்று அவரைக் கேட்டுப் பாருங்கள். கேட்கப் போகும்போது போதகரம்மாவிடம் மெத்தை மாற்றினார்களா என்றும் விசாரியுங்கள்.

அடுத்த கேள்வி வியாசர்பாடியிலிருந்து வந்திருக்கிறது.